பத்து மணிக் கணக்கெடுப்பு

கடல் ஊருக்குள் ஏறிய வருடம், குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் திறந்தார்கள். அங்கே தங்கியிருந்த குடும்பங்களைத் தினமும் சரிபார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் நாகர்கோவிலில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சருக்கு ஆளை எண்ணத் தெரியாமலா போகும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலை என்னவோ எளிதுதான். காலை பத்து மணிக்கு வகுப்பறை வகுப்பறையாகப் போய், குடும்பத்துக்கு ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து கையெழுத்து இல்லையென்றால் சிவப்பு மையில் ‘ஆள் இல்லை’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால், மைதானத்தில் கட்டிக்கொண்டிருந்த தகரக் கொட்டகைகளில் அந்தக் குடும்பத்துக்கு இடம் கிடையாது. வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர்களுக்கு இனி அதுதான் வீடு.

எட்டாம் வகுப்பு ‘பி’யில் ஜன்னலோரம் ஒரு பாய், ஒரு தகரப்பெட்டி, பெட்டிமேல் மாதா படம். ஆளைத்தான் காணோம்.

“அவ வந்துருவா டீச்சரே. மாப்பிள ஆழ்கடலுக்குப் போயிருக்கான், மக ஆஸ்டல்ல படிக்கா. அவளும் வேலைக்குப் போயாச்சு” என்றார் பக்கத்துப் பாய்க்காரர்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. திருவிழாவில் முன்வரிசையில் பாயை விரித்து இடம் பிடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர்களை நிறையப் பார்த்தவள் நான். சொந்தக்காரர் வீட்டில் சுகமாக இருந்துகொண்டு இங்கே பாயைக் காவல் வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். “வேலைக்குப் போனா பத்து மணிக்கு வந்துட்டுப் போகச் சொல்லுங்க” என்று அதட்டினேன். என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை.

மாலையில் கணக்கை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீடு வந்து சேரும்போது இருட்டிவிடும். ஆனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. என் கணவர் ஓய்வு பெற்ற கையோடு சமையலறையைக் கைப்பற்றியிருந்தார். முதல் நாள் சாளைப் புளிமுளம், அடுத்த நாள் அயிலைப் பொரியல், மூன்றாம் நாள் மரச்சீனிக் கிழங்கோடு நெத்திலி.

“இவ்வளவு நல்ல மீன் எங்க கிடைக்குது?”

“வாசலுக்கே வருது. அந்த மீன்காரி ஒரு விஷயம் சொன்னா, உங்க முகாம்ல...”

“சாப்பிடும்போது முகாம் பேச்சை எடுக்காதீங்க.”

அவர் எடுக்கவில்லை. நல்ல மனிதர், சொன்ன பேச்சைக் கேட்பார்.

மூன்றாம் நாள் நான் சிவப்புப் பேனாவைத் திறந்து ‘ஆள் இல்லை’ என்று எழுதினேன். எட்டாம் வகுப்பு ‘பி’க்காரியோடு இன்னும் மூன்று பேர். மறுநாள் சனிக்கிழமை, மதியத்துக்குள் கொட்டகைப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். படியெடுத்து எழுதுவதற்காகக் கணக்கெடுப்பைத் தள்ளிவைத்து, காலையில் வீட்டிலேயே இருந்துவிட்டேன். பத்து மணிக்கு வாசலில் கூடை இறங்கும் சத்தம் கேட்டது.

“சாரே, இண்ணைக்கு லிஸ்டு போவுது. எனக்க பேரு இருக்காது. அந்த டீச்சர் பத்து மணிக்குத்தான் எண்ணுவாவளாம். பத்து மணிக்கு நான் எங்க நிப்பேன்? உங்க வாசல்ல நிப்பேன். விடியுமுன்ன ஏலம் எடுத்து, டெம்போ ஏறி வந்தாத்தானே எனக்க மக படிக்கும்? மாதாவைக் காவலுக்கு வச்சிட்டுத்தான் வாறேன். அவிய வாயத் திறக்கல்ல.”

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். தினமும் எட்டு மணி பஸ்ஸில் நான் போகும்போது மீன்கூடைகளோடு ஒரு டெம்போ எதிரே வருமே, அதில்தான் இவள் வந்திருக்கிறாள்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். “எட்டாம் வகுப்பு பி, ஜன்னலோரமா?”

அவள் பதிவேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிவப்பு மையைப் பார்த்தாள்.

“மூணு நாளும் எனக்க மீனத் தின்னுட்டா டீச்சரே, என்னைய ஆளில்லன்னு எழுதினிய?”

சிவப்பை அடித்து, பேனாவை நீட்டினேன். சேலையில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். துடைத்தும் ஒரு மீன் செதில் தாளில் ஒட்டிக்கொண்டது. பிறகு மற்ற சிவப்பு வரிகள்மேல் விரலை ஓட்டினாள்.

“இவ இப்ப வடசேரியில நிப்பா. இவ கோட்டாறு. இவ பார்வதிபுரம் சந்தியில.”

நான்கு பேரில் ஒருத்திகூட ஓடிப்போகவில்லை. எல்லோரும் என் ஊரில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

கணவர் ஸ்கூட்டரை எடுத்தார். அன்றைய முகாம் கணக்கெடுப்பை நான் நாகர்கோவில் தெருக்களில் நடத்தினேன். வடசேரிக்காரி நம்பாமல் பதிவேட்டை இரண்டு தடவை புரட்டினாள். கோட்டாறுக்காரி அழுதாள். கூடைகளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிற கணக்கு டீச்சரைப் பழைய மாணவன் ஒருவன் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிப் போய்விட்டான்.

பார்வதிபுரம் சந்தியில் நின்றவள் கடைசி. கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடி என் கையில் கொடுத்தாள்.

“டீச்சரே, நாளைக்கு ஞாயிறாக்கும். பத்து மணிக்கு மாதா கோயில்ல பூசைக்கு நிப்போம். அதையும் ஆளில்லன்னு எழுதிராதிய.”