இன்னும் ரெண்டு போடுங்க

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஹார்ட்வெயார் கடையொன்றின் மேல்மாடியில் சுரேஸ் ஜிம் நடத்தினான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அந்த மேட்டில் ஏறி இறங்கிப் பழகிய கால்கள் அவனை மாகாண ஓட்டப்போட்டி வரைக்கும் கொண்டுபோயின. வலியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓடியதால்தான் ஆளானேன் என்று நம்பினான். வருகிறவர்களுக்கும் அதையே சொன்னான்: "உடம்பு பொய் சொல்லும். மனசுதான் அத இழுத்துட்டுப் போகணும்."

குணமணி டீச்சர் அவனிடம் சேர்ந்து ஆறு மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, இருபது வருஷமாகப் பதுளையில் கணக்குப் படிப்பிக்கிறவர். ஐம்பத்து நாலு வயது, சர்க்கரை வியாதி.

ஒரு செவ்வாய்க்கிழமை டம்பெல்லைத் தூக்கும்போது பாதியில் நின்றார்.

"தம்பி, நெஞ்சு இறுக்கிற மாதிரிக் கிடக்கு."

"அது பயம் டீச்சர். இன்னும் ரெண்டு போடுங்க."

சொல்லிவிட்டு, பக்கத்தில் பாரம் தூக்கிக்கொண்டிருந்த நப்ரீஸ் பக்கம் திரும்பினான். மறுபடி பார்த்தபோது டீச்சர் இல்லை. முடித்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தான்.

புதன்கிழமை அவர் வரவில்லை. வியாழக்கிழமை போன் ஓஃப். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தான். போனில் தேடி வாசித்தான்: நெஞ்சு இறுக்கம், வியர்வை. டீச்சருக்கு அன்று வியர்த்ததா? அங்கே வியர்க்காதவர் யார்? வாங்கி வைத்த டீ ஆறிக் கிடந்தது. பின்னேரம் டீச்சர் வீட்டுக்கே போனான். கதவு பூட்டியிருந்தது.

"டீச்சர் செவ்வாக்கெழமையிலேர்ந்து ஆஸ்பத்திரியிலங்க," என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

ஆஸ்பத்திரிப் படிகளில் ஓடி ஏறியவனுக்கு மூச்சு வாங்கியது. டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், நாந்தான்..."

"இரும் தம்பி. நீர் அங்கால திரும்பின உடன நான் டம்பெல்லை நிலத்தில வைச்சிட்டன். நேரா ஓட்டோ பிடிச்சு இஞ்ச வந்தனான். ரத்தக்குழாயில அடைப்பாம். பிந்தியிருந்தா கரைச்சல் எண்டு டொக்டர் சொன்னவர்."

"போறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான் தம்பி."

அவனால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை ஜிம்மில் எல்லாரையும் உட்காரவைத்து, யாருக்கு எங்கே வலி என்று கேட்டான். முதலில் நப்ரீஸ் முழங்காலைத் தொட்டுக் காட்டினான். மூன்று வாரமாக வலியாம். மூலையில் இருந்த ரிஸ்காவுக்குக் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுமாம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா மனசுல வீக்குன்னு சொல்லுவீங்க, மாஸ்டர்," என்றாள் ரிஸ்கா.

அன்று பயிற்சி நடக்கவில்லை. அதன்பிறகு நாடி பிடித்துப் பார்க்காமல் அவன் யாரையும் பாரம் தொட விடவில்லை. இது ஜிம்மா, ஆஸ்பத்திரியா என்று சலித்துக்கொண்டு நாலைந்து பேர் வேறிடம் போனார்கள். அவன் தடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து டீச்சர் டொக்டரின் கடிதத்தோடு வந்தார். நடை மட்டும் போகலாம் என்றிருந்தது. கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போனான். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாதையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான்.

"முன்னால பாரும் தம்பி, விழுந்திடுவீர்."

பத்து அடி தூரம் முன்னால் பார்த்து நடந்தான். பிறகு மறுபடி திரும்பினான்.

"இறுக்கமா இருக்கா டீச்சர்?"

"இல்லை."

"எதுக்கும் கொஞ்சம் உக்காருங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவன் குந்தி, அவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணத் தொடங்கினான்.