கொர்சிகாத் தீவுக் கல்வீடும் அப்பாவுக்குப் போட்ட இலையும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கொர்சிகாத் தீவில் ஆதிகாலத்துக் கற்களை ஆராய்ந்துவிட்டு வந்தவன் என்று பாகூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நானும் மறுத்ததில்லை, இரண்டு இடத்தில் அந்தப் பெயருக்கு டீகூட வாங்கிக் குடித்திருக்கிறேன். உண்மையில் நான் கல்லைப் பார்க்கப் போகவில்லை. காக்கையைத் தேடிப் போனேன்.

பாண்டிச்சேரியில் ஒரு துரை வீட்டுக் குசினியில் பதினோரு வருஷம் சமைத்தவன் நான். துரைக்குச் சொந்த ஊர் கொர்சிகா. ஆறு மாத விடுப்பில் ஊருக்குப் புறப்பட்டபோது என்னையும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வில்லியனூர் சவரியம்மாளையும் கூட அழைத்துப் போனார். கொழும்பில் பெரிய கப்பல் மாறி மர்சேய் சேர ஏறக்குறைய ஒரு மாதம். அங்கிருந்து ஒரு ராத்திரி சின்னக் கப்பலில் தீவு. தீவில் இறங்கி மலைவழியில் நாள் முழுக்க மோட்டார் பஸ்ஸில் குலுங்கினால் சார்த்தேன் என்கிற ஊர். கப்பல் கட்டணம் துரை கொடுத்ததால் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருப்பேன்.

அங்கே இருக்கும்போது ஆடி அமாவாசை வந்தது. அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. நான் குசினி வேலைக்குப் போன நாளிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. கலப்பை பிடித்த வீட்டுப் பிள்ளை அடுத்தவன் அடுப்பை ஊதப் போகலாமா என்பது அவர் வழக்கு. அந்தக் கோபத்தோடேயே போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு அமாவாசைக்கும் பாகூரில் இலை போட்டுச் சோறு வைத்தால் காக்கை என்னை நன்றாகக் காக்க வைக்கும். என் தம்பி பயிர் வைக்கிறவன். அவன் வந்து பக்கத்தில் நின்றால்தான் இறங்கும். இந்த வருஷம் தம்பியும் இல்லை, சார்த்தேனில் காக்கையும் இல்லை. புறா இருக்கிறது, குருவி இருக்கிறது. புறாவுக்கு வைத்தால் அப்பாவுக்குப் போய்ச் சேருமா? அப்பாவே சேரவிட மாட்டார்.

ஊருக்கு வெளியே காட்டில் பழைய கற்கள் நிற்கிற பக்கம் காக்கைகள் உண்டு என்று சவரியம்மாள்தான் விசாரித்து வந்தாள். துரையிடம் காக்கை என்று சொன்னால் சிரிப்பார். அதனால் பழங்காலத்துக் கற்களைப் பார்க்க ஆசை என்றேன். அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி விடுப்புக் கொடுத்தார். குழந்தைகள் அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால் சவரியம்மாளும் கிளம்பினாள். என்னுடைய பிரெஞ்சு குசினியைத் தாண்டாது. அவள் பிரெஞ்சு எங்கும் போகும்.

சார்த்தேனிலிருந்து அந்த இடம் பதினைந்து கிலோமீட்டர். கோவேறு கழுதை பூட்டிய வண்டி. வண்டிக்காரன் இருபத்தைந்து பிராங் கேட்டான், பதினெட்டுக்கு முடித்தோம். காலை ஐந்துக்குக் கிளம்பி எட்டரைக்குச் சேர்ந்தோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் பாதையே கிடையாது. ஆள் உயரப் புதர், அதில் பாதி முள். கழுதை நின்றுவிட்டது. நாங்கள் தள்ளினோம். கூலி கொடுத்துவிட்டு வண்டியையும் தள்ளுகிற நியாயத்தை இதற்கு முன் திருபுவனைச் சாலையில்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் நட்ட கற்கள் வரும். மனுஷன் உயரத்துக்கு, வரிசையாக, பந்திக்கு இடம் கிடைக்காதவர்கள் மாதிரி நிற்கின்றன. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் மேட்டில் கல்வீடு. பக்கத்துக்குப் பக்கம் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரே பாறையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். செத்தவர்களை உள்ளே வைத்து மூடிய வீடாம். பேயின் பட்டறை என்று அந்த ஊரில் பெயர். நான் வாயைப் பிளந்தது பாறையின் அளவைப் பார்த்து அல்ல. மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் இதே மாதிரி பலகைக் கல், இதே மாதிரி வட்டக் கல் கிடக்கிறது. பாண்டவர் வீடு என்போம். கிட்டப் போக மாட்டோம். ஆனால் வாய்க்காலுக்குப் பாலம் போட வேண்டுமானால் மட்டும் போய்ப் பெயர்த்து வருவோம். இங்கே கொர்சிகாக்காரன் உள்ளே ஆட்டுக்குட்டியை அடைத்து வைத்திருக்கிறான். முழங்கால் வரை புழுக்கை. இரண்டு ஊர்க்காரனுக்கும் ஒரே பிரம்பு போதும்.

குட்டிகளை விரட்டி, புதர்க் கிளையை ஒடித்துப் பெருக்கினேன். அரை மணி நேரம் ஆனது. வண்டிக்காரன் நிழலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். வாழையிலைக்கு எங்கே போவது? சீமை அத்தி இலைகளைக் குச்சியால் தைத்து வைத்திருந்தேன். மர்சேயில் வாங்கிய குண்டு அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், கடலை மாவு வடை. எள்ளும் சூடமும் பாண்டிச்சேரியிலிருந்து வந்தவை. கல்வீட்டு வாசலில் இலையைப் போட்டேன். சற்றுத் தள்ளி ஒரு மரத்தில் நாலைந்து காக்கை. நம் காக்கைக்குக் கழுத்துதான் சாம்பல் நிறம். இதற்கு முதுகு, வயிறு எல்லாம் சாம்பல், விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டது போல. அப்பாவும் அப்படித்தான் பூசுவார்.

அந்த நேரத்தில் வெள்ளைக்காரப் பெரிய மனுஷர், ஒரு முசே, வந்து சேர்ந்தார். எங்கள் துரைக்குத் தெரிந்தவர்; பழங்காலத்துச் சங்கதிகளை ஆராய்ச்சி செய்கிறவராம். கையில் பிரம்பு, தோளில் முக்காலி, கறுப்புத் துணி போட்ட படப்பெட்டி. முதலில் இலையைப் பார்த்து எடு எடு என்றார். பிறகு என்னைப் பார்த்தார். தீபாவளிக்குப் புதுத்துணி கிடைத்த பிள்ளை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. சவரியம்மாளிடம் மளமளவென்று என்னவோ சொன்னார்.

“சட்டை, கோட்டு எல்லாத்தையும் கழட்டிட்டு இலைக்கு முன்னால குந்தணுமாம்ணா,” என்றாள் அவள். “இருவது பிராங் தர்றாராம். அந்தக் காலத்து மனுசன் செத்தவங்களுக்குச் சோறு வெச்சத படம் புடிச்சுக் காட்டணுமாம்.”

“எந்த மனுசன்?”

“நீதாண்ணா.”

கேட்டதும் காது சூடாகிவிட்டது. இதே மாதிரி ஆட்கள் வீட்டு விருந்தில் நாற்பது விதமான சாறு வைத்தவன் நான். ஒரு ஸ்பூன் இடம் மாறியிருந்தால் கண்டுபிடிக்கிறவன். பாண்டிச்சேரியில் தைத்த கோட்டை, அப்பாவின் நாள் என்பதால் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த ஆள் என்னைக் கல்லோடு கல்லாகக் கணக்கில் சேர்க்கிறார்.

“அவுங்க அப்பன் செத்த நாள்ல அவுர சட்டையக் கழட்டிட்டுக் குந்தச் சொல்லு,” என்றேன். “நான் காசு வாங்காம படம் புடிக்கிறேன்.”

சவரியம்மாள் எதைச் சொன்னாலும் சர்க்கரை கலந்துதான் மொழிபெயர்ப்பாள். அன்று கலக்கவில்லை. முசேவின் காது சிவந்தது. பிறகு என்னவோ பதில் சொன்னார்.

“அவுங்க அப்பா டாக்டராம்,” என்றாள்.

அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தால், அந்த ஆள் வெளிச்சம் போதவில்லை என்று பிரம்பால் இலையை நகர்த்தினார். பிரம்பால். அப்பாவின் இலையை. குழம்பு வழிந்து கல்லில் ஓடியது. கை ஓங்கத்தான் நினைத்தேன். ஓங்கியிருந்தால் இன்னமும் அந்தத் தீவில் எங்காவது அடைபட்டிருப்பேன். அதனால் சவரியம்மாள் கையில் இருந்த குடையை வாங்கிக்கொண்டேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் நான் இலையை மறைத்துக் குடையை விரிப்பேன். தலையை வெளியே எடுத்தால் மடிப்பேன். வலது பக்கம் போனால் வலது பக்கம் விரிப்பேன். வெயில் உச்சிக்கு ஏறுகிற வரை இதே வேலை. கடைசியில், துரையிடம் சொல்கிறேன் என்று கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஜெயித்தது நான்தான். ஆனால் குடை விரிந்து மடிந்ததில் காக்கை அத்தனையும் பறந்துவிட்டிருந்தது.

பாத்திரத்தில் மிச்சமிருந்ததை வேறு இலையில் வைத்தேன். காத்திருந்தோம். ஒரு மணிக்கு மேல் ஒரே ஒரு காக்கை வந்து மூடுகல்லின் மேல் உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. அசல் அப்பா.

காக்கை தொடாவிட்டால் போனவருக்கு மனக்குறை. அதைத் தீர்ப்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். கூரை மாற்றுகிறேன் என்றேன். அசையவில்லை. என் பங்கு நிலத்தைத் தம்பிக்கே எழுதி வைக்கிறேன் என்றேன். அலகைத் தீட்டிக்கொண்டது.

“அதுக்கு இதெல்லாம் வோணாம்ணா,” என்றாள் சவரியம்மாள். கப்பலில் அவளிடம் எல்லாவற்றையும் உளறியிருந்தேன். “இன்னொண்ணு கீது இல்ல? அத்தச் சொல்லு.”

“நீ கிறிஸ்தவச்சி, ஒனக்கு இன்னா தெரியும்?”

“காக்காவுக்குத் தெரியுது பாரு.”

சொன்னால் வயிற்றுப் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் அப்பா பசியோடு போவார். பிரம்பு பட்ட பழைய இலை பக்கத்திலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த முசே மேல் வந்த கோபம் துரை மேல் ஏறி, கடைசியில் பதினோரு வருஷம் குனிந்திருந்த என் மேலேயே ஏறியது.

“சரிப்பா,” என்றேன். “தொர வூட்டு அடுப்ப வுட்டுட்டு வந்துர்றேன். இன்னிக்கே சொல்லிர்றேன். சாப்புடு.”

காக்கை இறங்கியது. வடையை விட்டுவிட்டுச் சோற்றைத்தான் முதலில் எடுத்தது. நான் அழவில்லை, சூடப் புகை. திரும்பிப் பார்த்தால் வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவர்கள் ஊரிலும் வருஷத்தில் ஒரு ராத்திரி செத்தவர்களுக்கு மேசையில் சாப்பாடும் தண்ணீரும் வைப்பார்களாம். இதை விவரமாகச் சொல்லி, மீந்த வடையும் தின்று, காத்திருந்ததற்கு ஐந்து பிராங் கூடுதலாகவும் வாங்கிக்கொண்டான்.

அந்தப் பாறையை அங்கே தூக்கி வைத்தவர்கள் யாரோ எனக்குத் தெரியாது. பேய் அல்ல என்று மட்டும் தெரியும். பேய்க்கு அப்பன் ஏது? யாரோ பிள்ளைகள் தங்கள் அப்பனுக்காகச் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். அதன் நீள அகலத்தை அளக்க வருகிறவர்களுக்கு இந்தச் சின்னச் சங்கதி கண்ணில் படவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பாகூர், வில்லியனூர் என்று நம் கொம்யூன்களிலிருந்து துரைகளோடும் பட்டாளத்தோடும் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆடியில் போகாதீர்கள், வெயில் நம் ஊர் வெயிலுக்கு அண்ணன். புரட்டாசி, ஐப்பசி நல்லது. அந்த இடத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, எடுத்துப் போக வேண்டும். தாழ்ந்த நிலத்தில் கொசுக் காய்ச்சல் உண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். வண்டிக் கூலி பேசும்போதே காத்திருக்கும் கூலியையும் பேசிவிடுங்கள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் மண்ணாடிப்பட்டுக் கற்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வில்லியனூரிலிருந்து திருபுவனை வழியாக மாட்டு வண்டியில் அரை நாள். நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லை வரும்; சுங்கச் சேவகன் சோற்று மூட்டையை அவிழ்க்கச் சொல்வான். அவிழ்த்துக் காட்டுங்கள், ஆனால் கை வைக்க விடாதீர்கள். யார் எத்தனை பிராங் கொடுத்தாலும் சட்டையைக் கழற்றாதீர்கள்.

அன்று ஏழு மணிக்குச் சார்த்தேன் திரும்பினோம். முசே எங்களுக்கு முன்பே வந்து துரையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கும் தங்கிவிட்டிருந்தார். முட்டையை நுரை கட்ட அடித்து அடுப்புக்குள் வைத்துப் பொங்கவைக்கிற சூஃப்ளே என்று ஒரு பலகாரம். அது வெந்துகொண்டிருந்தபோது துரை குசினிக்கு வந்து நின்றார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். ஏன் என்றார். அப்பா சொன்னார் என்றேன். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறதே என்றார். ஆமாம் என்றேன். பேச்சு வேகத்தில் என் கை அடுப்புக் கதவைத் திறந்து வைத்திருந்தது. வெளிக்காற்றுப் பட்டுச் சூஃப்ளே அமுங்கிப்போயிற்று. அதைத்தான் பரிமாறினேன். முசே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.