பாதி நாடகமும் பழைய ரிக்கார்டும்

பழைய ரிக்கார்டு வாங்கி மைக் செட் போட்டுப் பிழைப்பவனுக்கு முதலில் கெடுவது காது அல்ல, மூக்கு. பழைய சாமான் கடைகளில் மண்டியிட்டுத் தும்மிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அப்போது கூடலூரில் எனக்கு ஒரு சின்ன மைக் செட் கடை. எஸ்டேட் துரைமார் சீமைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சிலோன் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு இந்த மலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். இரு தரப்பும் விற்ற ரிக்கார்டுகள் ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய சாமான் கடைகளில்தான் வந்து குவியும். புதுசு வாங்க வக்கில்லாத நானும் அங்கேதான் கிடப்பேன்.

முகூர்த்த மேளம்

குன்னூர்க் கடையில் ஒரு தட்டு கிடைத்தது. லேபிள் முழுக்கத் தேய்ந்திருந்தது. கடைக்காரர் நாதஸ்வரம் என்று சத்தியம் செய்தார். போட்டுக் கேட்க நேரமில்லாமல் நேரே ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோய், தாலி கட்டுகிற நேரத்தில் ஊசியை வைத்தேன். கிளம்பியது துரைமார் ஊர் பேக்பைப் என்கிற பை வாத்தியம். நிறுத்தினால் அபசகுனம் என்பார்கள் என்று பயந்து அப்படியே ஓடவிட்டேன்.

பெண்ணின் அப்பா என்னை நோக்கி வந்தார். ஓடுவதற்கு வழி பார்த்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "ஒத்து நல்லா கெட்டியா இருக்குதுங்க. எந்த ஊரு வித்வானுங்க?"

அப்பளம்

ஊட்டி மார்க்கெட் பக்கத்தில் கடை வைத்திருந்தவருக்குக் குளிர் ஆகாது. காலடியில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே ரிக்கார்டுகளை அடுக்கியிருப்பார். எல்லாம் பொரித்த அப்பளமாக வளைந்திருக்கும். ஊசி மேடு ஏறி இறங்குமே என்று நொந்துகொண்டேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "வளைஞ்சிருந்தா என்னங்க, பாட்டு கீழயா விழுந்துரப் போவுது?"

ராஜா ஏன் காட்டுக்குப் போனார்?

சேரங்கோட்டில் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் மாரிமுத்து என்பவர் வீட்டு விசேஷம். சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். தன்னிடமிருந்த ராஜா கதை நாடகத்தைப் போடச் சொல்லி மூன்று தட்டுகளைக் கொடுத்தார். போட்டால் கதை தாவித் தாவி ஓடியது. ஒன்று, மூன்று, ஐந்துதான் இருந்தன. அவருடைய பிள்ளைகளுக்கு ராஜா காட்டில் இருப்பது தெரியும், ஏன் போனார் என்பது தெரியாது.

மிச்சம் மூன்றும் அண்ணனிடம் இருப்பதாகச் சொன்னார். இவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது, அண்ணனுக்கு சிலோன் குடியுரிமை. பிரிகிற அன்று இருவரும் செட்டை வேண்டுமென்றே ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருநாள் அண்ணன் தன் பங்கோடு வருவார், இரண்டு குடும்பமும் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. வருடங்கள் ஓடிவிட்டன. அண்ணன் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஊட்டியில் அதே நாடகத்தின் முழு செட்டும் என் கையில் சிக்கியது. யாரோ விற்றுவிட்டுப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரிடம் இல்லாத மூன்றையும் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். காசே வாங்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

மாரிமுத்து ஒவ்வொன்றாக எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். லேபிளைப் படித்தார். பிள்ளைகள் வீட்டிலிருந்த கிராமபோன் பெட்டியைத் திறந்து சாவி கொடுக்கவே தொடங்கிவிட்டார்கள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மூன்றையும் பழையபடி துணியில் சுற்றி என் மடியில் வைத்தார். எனக்குக் கோபமே வந்தது. பிறகு அவர் சொன்னார்: "எடுத்துட்டுப் போயிருங்கண்ணே. இது இங்க இருந்துச்சுன்னா, எங்கண்ணன் வெறுங்கையோட வந்த மாதிரி ஆயிரும்."

பழைய ரிக்கார்டு தேடுகிறவனுக்கு, கிடைக்காத தட்டைவிடக் கிடைத்துவிட்ட தட்டால்தான் மனக்கஷ்டம் அதிகம்.