இரண்டாம் நாள் மாத்திரை

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் அவள் இருபத்துநான்கு வருடம் நின்றாள். நாற்காலி ஒன்று உண்டு; அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எந்த மருத்துவரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். அந்தத் தெருவே அவளை 'அரை டாக்டர்' என்றுதான் கூப்பிட்டது. கேலிக்கு வைத்த பெயர். நாளாக ஆகக் கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. மருத்துவரிடம் வரிசையில் காத்திருக்கச் சோம்பியவர்கள் எல்லாம் நேரே அவளிடம்தான் வருவார்கள். "உங்க கைராசிம்மா, ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு" என்று மறுவாரம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். சரியாகாதவர்கள் திரும்பி வருவதில்லை. அதை அவள் அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

வீட்டில் அவளும் அவள் அக்காவும் மட்டும்தான். மூன்றாவது மாடி, இரண்டு அறை. கணவன் போன பிறகு அக்கா தங்கையோடு வந்துவிட்டாள். ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, வீடுகளுக்கும் ஆபீசுகளுக்கும் திரைச்சீலை தைத்துக்கொடுத்தாள். ஊருக்கெல்லாம் அரை டாக்டரான தங்கை, நாற்பத்தாறு வயதிலும் அக்காவுக்கு 'குட்டி'தான்.

ஊரையே முடக்கிய அந்தத் தொற்று வந்த முதல் வருடம். தடுப்பூசிக்கு இன்னும் பல மாதம் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கடை டிவியில் செய்தி ஓடியது. டெக்ஸாமெதசோன் என்ற பழைய ஸ்டீராய்டு மாத்திரை, சாகக் கிடந்தவர்களில் பலரைப் பிழைக்க வைத்திருக்கிறதாம். அவளுக்குக் கை பரபரத்தது. அது அவள் பின்னாலேயே, மூன்றாவது தட்டில், வருடக்கணக்காக இருந்த மாத்திரை. செய்தி வாசித்தவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தபோது இருமல் மருந்து கேட்டு ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். மீதி வாக்கியம் அவள் காதில் விழவில்லை.

சாகக் கிடந்தவனையே பிழைக்க வைக்கிறது என்றால், முதல் நாளே கொடுத்தால் எப்படி இருக்கும்? அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். காய்ச்சல், உடம்புவலி, மூக்கில் வாசம் தெரியவில்லை என்று வந்தவர்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமலே அதையும் சேர்த்துக் கொடுத்தாள். "முளையிலேயே கிள்ளிடணும்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

அப்புறம் அக்காவுக்கே காய்ச்சல் வந்தது.

இரண்டாம் நாள் காலை அதே மாத்திரையைக் கொடுத்தாள். மறுநாள் எழுந்து பார்த்தால் காய்ச்சல் இருந்த இடம் தெரியவில்லை. அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டாள். வீட்டைத் துடைத்தாள். பாதியில் நின்ற திரைச்சீலையை ஒரே மூச்சில் தைத்து முடித்தாள்.

"கில்லாடிடீ நீ, குட்டி. படிக்க வச்சிருந்தா முழு டாக்டராவே ஆயிருப்ப."

"அரைக்கே இந்தக் கூட்டம். முழுசா ஆயிருந்தா தாங்குமா?" என்று சிரித்தாள் தங்கை.

எட்டாம் நாள் மத்தியானம். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கிய அக்கா, வாசல் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. "லேசா அசதியா இருக்கு, வேற ஒண்ணுமில்லை" என்றாள். உதடு மட்டும் ஒரு மாதிரி மங்கியிருந்தது. தங்கை சும்மா ஒரு திருப்திக்காக விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை எடுத்து வந்தாள்.

எண்பத்து நான்கு.

கருவி பழுது என்று நினைத்தாள். தன் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. அக்காவின் இன்னொரு விரலைத் துடைத்துவிட்டு மாட்டினாள். எண்பத்து மூன்று.

"எவ்வளவுடீ காட்டுது?"

அவள் எண்ணைச் சொல்லாமல் ஆட்டோவுக்குப் போன் போட்டாள். எதிரே அக்கா சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள். விரல் மட்டும் வேறு கதை சொல்கிறது.

ஆஸ்பத்திரியில் பத்து நிமிஷத்தில் அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் உடை போட்ட ஒருவர் கேட்டார்: "வீட்ல என்ன குடுத்தீங்க?"

"காய்ச்சல் மாத்திரைதான்" என்றாள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாய் தானாக அந்த இடத்தில் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் வார்டுக்கு வெளியே ஒரு பெண் டாக்டர் அவளிடம் பேச வந்தார். சின்ன வயது; மாஸ்க் அழுத்திய தழும்பு கன்னத்தில் சிவந்திருந்தது. கையிலிருந்த அட்டையில் அக்காவின் மருந்துப் பட்டியல். தலைகீழாக இருந்தாலும் அவள் படித்துவிட்டாள். இரண்டாவது வரி டெக்ஸாமெதசோன்.

அவளுக்குள் ஏதோ துள்ளி எழுந்தது. தான் தப்பு செய்யவில்லை! பெரிய ஆஸ்பத்திரியே தன் வழிக்குத்தான் வந்திருக்கிறது!

"டாக்டர், இதைத்தானே நான் அன்னைக்கே குடுத்தேன்!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எதை?"

"டெக்ஸா. நான் மெடிக்கல் ஷாப்லதான் இருக்கேன்."

"காய்ச்சல் வந்து எத்தனாவது நாள் குடுத்தீங்க?"

"ரெண்டாவது நாளே."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள். திட்டவில்லை. பக்கத்திலிருந்த இரும்பு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். இருபத்துநான்கு வருடம் நின்ற கால்கள் மறுபேச்சில்லாமல் மடங்கின.

"முதல் வாரம் கிருமி பெருகுற நேரம்மா. உடம்பு அதோட சண்டை போடும். காய்ச்சல்ங்கிறது அந்தச் சண்டையோட சூடு. இந்த மாத்திரை சண்டை போடுறவங்க கையைக் கட்டிடும். சூடு இறங்கும், பசி எடுக்கும், ஆள் தெம்பா இருக்கிற மாதிரி தெரியும். ஆனா கிருமி அது பாட்டுக்கு உள்ள இருக்கும்."

இரண்டு தட்டு சாப்பாடு, துடைத்த வீடு, தைத்து முடித்த திரைச்சீலை எல்லாம் அவள் கண்முன் வந்து போயின.

"அப்புறம் ஏன் நீங்களும் அதையே...?"

"ரெண்டாவது வாரத்துல சிலருக்குக் கிருமி குறைஞ்ச பிறகும் சண்டை நிக்கிறதில்லை. உடம்பே சொந்த நுரையீரலை அடிச்சு நொறுக்கும். ஆக்சிஜன் இறங்கும். அப்பதான் கையைக் கட்டணும். மாத்திரை ஒண்ணுதான். நாள்தான் வேற."

"டிவில சொன்னாங்களே..."

"ஆக்சிஜன் தேவைப்படுறவங்களுக்குன்னு சேர்த்துத்தான் சொன்னாங்க."

கண்ணாடியைத் தட்டிய கை அவளுக்கு நினைவு வந்தது.

"என்னாலதான் அக்காவுக்கு இப்படி ஆச்சா?"

"தெரியாது" என்றார் டாக்டர். "ஆறுதலுக்குச் சொல்லலை, நிஜமாவே தெரியாது. மாத்திரை குடுக்காமலே இந்த நிலைமைக்கு வந்தவங்க உள்ள நிறையப் பேர் இருக்காங்க. ஒரு ஆளை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பேர்ல, சீட்டு குலுக்கிற மாதிரி, சிலருக்குக் குடுத்து சிலருக்குக் குடுக்காம எண்ணிப் பார்த்தாங்க. ஆக்சிஜன்ல இருந்தவங்கள்ல, மாத்திரை குடுத்த பக்கம் அதிகம் பேர் பிழைச்சாங்க. ஆக்சிஜன் வேண்டாதவங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. கெடுதலா இருக்கலாம்னுகூடத் தெரிஞ்சது."

"ஆனா என்கிட்ட வாங்கினவங்க எல்லாம் நல்லாயிட்டாங்களே டாக்டர்!"

"பெரும்பாலானவங்களுக்கு எதுவும் குடுக்காட்டியும் சரியாயிடும்மா."

அந்த ஒரு வாக்கியம்தான் அவளை நிலைகுலைய வைத்தது. அக்கா கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கிடக்கிறாள், அந்தக் கலக்கம் ஒரு பக்கம். இது வேறு. கைராசி கைராசி என்று இருபத்துநான்கு வருடம் கேட்டதில் எத்தனை அவள் மாத்திரையால், எத்தனை தானாக? அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ண வேண்டும் என்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. டாக்டர் போன பிறகும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தரை துடைக்க வந்த பெண் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் காலைத் தூக்கினாள்.

பிறகு போனை எடுத்தாள். தெருக்காரர்கள், தெரிந்த முகங்கள். யார் யாருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தோம் என்று நினைவிலிருந்தே தோண்டித் தோண்டி எழுதினாள். பதினெட்டுப் பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பதினாறு பேர் நன்றாக இருந்தார்கள், நன்றியும் சொன்னார்கள். ஒவ்வொரு நன்றியும் கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது. பதினேழாவது ஆள், சலூன்காரர், இன்னும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். "இப்பவே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் கேட்லயே நிக்கிறேன்" என்று கத்தினாள். அவர் வந்தார், நான்கு நாளில் திரும்பியும் போனார்.

கடைசி எண், பூட்டு ரிப்பேர் செய்யும் பெரியவருடையது. மகன் எடுத்தான்.

"அப்பா போன வாரம் தவறிட்டாருங்க. உங்களைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க குடுத்த மாத்திரையில மூணு நாள் எவ்வளவு தெம்பா இருந்தாரு தெரியுமா!"

போனை வைத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வைக்கவில்லை. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அதைக் குடுக்காம இருந்திருந்தா பிழைச்சிருப்பாரா?"

"தெரியாதுப்பா."

"தெரியாதுன்னா அப்புறம் எதுக்குப் போன் பண்ணீங்க?"

அவன் வைத்துவிட்டான்.

காய்ச்சல் தொடங்கிய இருபத்தோராம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள், மூன்று மாடி ஏற நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கே, கட்டிலோரம் உட்கார்ந்து, தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டுக்காரரையும் சேர்த்துத்தான். அக்கா கேட்டுக்கொண்டே மேலே சுழலாத மின்விசிறியைப் பார்த்தாள்.

"நான் உன்னைக் கில்லாடின்னேன்" என்றாள் கடைசியில், காற்றுப் போன குரலில்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து தங்கை கையில் எதைக் கொண்டுவந்தாலும் அக்கா உடனே வாங்கிவிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரையாக இருந்தாலும், "இது என்னது? எதுக்கு? எத்தனை நாளைக்கு?" என்று கேட்பாள். ஒரு தடவை வெறும் வெந்நீருக்கே கேட்டாள். கேட்டுவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தங்கை சிரிக்கவில்லை. முதுகைத் தடவியபடி, அது என்ன, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தெரியாத இடத்தில் தெரியாது என்றாள்.