பேர் வராத பதில்

மதுக்கரையைத் தாண்டி இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் அட்டெண்டராக இருந்தேன். அதற்கு முன் சூலூரில் தறி ஓட்டினேன், லாரிக்குச் சிமெண்டு மூட்டை ஏற்றினேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். எந்த ஊரிலும் அதிக நாள் தங்கியதில்லை.

முதல் வருடம், வகுப்பு வாசலில் மரப்பெட்டியோடு நின்று பிள்ளைகளின் போனை வாங்கி வைப்பது என் வேலை. அடுத்த வருடம் வெளியூரிலிருந்து வந்த மேடம் பெட்டியை எடுத்துவிடச் சொன்னார். புரொஜெக்டரில் இருந்து சுவரில் ஒரு கேள்வி விழும். பக்கத்தில் இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, போனிலேயே பதில் எழுத வேண்டும். எல்லாப் பதிலும் சுவரில் வரும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி, மறுபடி எழுத வேண்டும்.

"பேர் வராது. தப்பா இருந்தாலும் பயப்படாம எழுதுங்க" என்றார் மேடம்.

நேற்றுவரை பிடுங்கச் சொன்ன பொருளை இன்று கையில் கொடுக்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. டீக்குப் பணம் அனுப்பினாலே கடைக்காரனுக்கு என் பேரைக் காட்டும் போன், இங்கே மட்டும் எப்படி மறந்துபோகும்?

சோதித்துப் பார்க்க ஒருநாள் பின்வரிசையில் நின்றபடி நானும் ஸ்கேன் செய்தேன். ஓடுகிற மோட்டாரில் பேரிங் சூடேறினால் முதலில் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. இங்கிலீஷ் பதில்களுக்கு நடுவே என்னுடையது வந்து விழுந்தது: "மொதல்ல நிறுத்திப்போடுங்க. அப்பறம் பாக்கலாமுங்க."

"மெசினுக்கே மரியாதைடா" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. எல்லோரும் ஆனைமலைப் பக்கத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள்தான் எதற்கும் 'ங்க' போடுகிறவள்.

"நான் இங்கிலீசுலதானுங்க மேடம் போட்டேன்."

மேடம் சிரிக்கவில்லை. தலைகளை எண்ணினார். நாற்பத்தொன்று. பதில் நாற்பத்திரண்டு. வகுப்பில் மொத்தமே நாற்பத்திரண்டு பேர்; அத்தனை பதில் வந்தால் எல்லோரும் வந்ததாகக் கணக்கு. அந்தப் பெண்ணின் தோழி அன்று வரவில்லை.

"அவ போனும் உங்கிட்ட இருக்கா?"

"இல்லீங்க மேடம்."

"வராதவளுக்கு அட்டெண்டன்ஸ் விழணும்னு பதில் போட்டா ரெண்டு பேருக்கும் பரீட்சை கிடையாது. நீயே சொல்லிடு. எந்தப் போன்னு பார்க்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது."

என் சந்தேகம் சரிதான் என்று பட்டது. அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெண் பையைப் பெஞ்சின் மேல் கொட்டினாள். டிபன் பாக்ஸ், சீப்பு, ஒரே ஒரு போன். மேடம் அப்போதும் நம்பவில்லை. என் வேலை போனால் வேறொன்று தேடிக்கொள்வேன், பழக்கம்தான். அவளுக்குப் பரீட்சை போனால் ஒரு வருடம் போகும்.

"நான்தானுங்க மேடம் போட்டேன்" என்று போனை நீட்டினேன்.

"அட்டெண்டருக்கே அட்டெண்டன்ஸா அண்ணா?" என்று ஒரு குரல்.

மேடம் போனைப் பார்த்துவிட்டு, "சரி, உக்காரு" என்று அவளிடம் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள்.

வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் கேட்டேன். "நெசமாலுமே எந்தப் போன்னு பாக்க முடியுமுங்களா?"

"முடியாதுங்க. சும்மா மிரட்டிப் பார்த்தேன்."

பேர் வராது என்று சொன்னபோதும் இதே முகம்தான். எதை நம்புவது என்று தெரியவில்லை. என்னை வேலையை விட்டு எடுக்கவும் இல்லை.

அடுத்த வகுப்புக்கு நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். சுவரில் விழுந்தது நாற்பத்தொரு பதில். ஆனைமலைப் பெண்ணின் போன் பைக்குள்ளேயே இருந்தது. மேடம் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.