மாமா ஏழு தடவை பார்த்த படம்

முதல் பாகம் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் பாகம் வந்தபோது ஆறாம் வகுப்பு. இடைப்பட்ட மூன்று வருஷமும் எங்கள் வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில், மீன் வாங்கப் போன இடத்தில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான். அந்தத் தங்கச்சியைச் சுட்டது யார்?

முதல் பாகம் அங்கேதான் முடிந்திருந்தது. லாரி ஓட்டும் கதாநாயகன் தன் தங்கச்சியைச் சுட்டவனைத் துரத்திக்கொண்டு துறைமுகத்துக்குள் பாய்ந்து, புறப்படப்போகும் கப்பலில் தொற்றி ஏறுவான். உள்ளே ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். மெல்லத் திரும்புவான். முகம் தெரிவதற்குள் திரை இருட்டிவிடும், பாவிகள்! எங்கள் வகுப்பில் இதற்காக இரண்டு கட்சி இருந்தது. சுட்டது போலீஸ்காரன் என்பது என் கட்சி. கூடப்பிறந்த மூத்த அண்ணனே சுட்டான் என்பது எதிர்க்கட்சி. அந்தக் கட்சிக்காரி ஒருத்தியோடு நான் ஒரு அரையாண்டு முழுக்கப் பேசவில்லை. இத்தனைக்கும் அவள் எனக்குப் பக்கத்து இடம்.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஊட்டியது மாமா. அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை. சரக்குக் கப்பலின் மேல்தளத்தில், டெக்கில் வேலை. ஒன்பது மாதம் கடலில் இருப்பார், லீவுக்கு வந்தால் மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருப்பார். அந்தப் படத்துக் கதாநாயக நடிகருக்கு எங்கள் பக்கத்தில் இருந்த ரசிகர் மன்றத்தில் மாமா பெரிய ஆள். முதல் பாகத்துக்கு என்னை ஐந்து தடவை கூட்டிப்போனார். ஒவ்வொரு தடவையும் மக்ரூன் வாங்கித் தந்தார். எனக்கு அந்த வயதில் உலகத்திலேயே நல்ல மனிதர் அவர்தான்.

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற வருஷம் மாமா லீவில் வந்திருந்தார். மூன்று மாதம் முடிந்தது, நாலு முடிந்தது, ஐந்தும் முடிந்தது. சென்னையிலிருந்து ஏஜென்ட் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கப்பல் ரெடி, ஜாயினிங் இந்தத் தேதி, கிளம்பி வா என்பார். மாமா குரலைச் சுருக்கிக்கொண்டு, "சார், மஞ்சக்காமாலை சார், எந்திரிக்க முடியல" என்பார். போனை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பரோட்டா வாங்கி வருவார்.

அம்மா ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, உடம்பு கல்லுக் கணக்கா இருக்கு, என்னத்துக்குலே பொய் சொல்லுத?"

"படம் வரப்போதுக்கா. பாத்துட்டுப் போறேன்."

"ஒரு படத்துக்காவ கப்பல விடுதியா?"

இதைக் கேட்ட தெருவே திகைத்துத்தான் போனது. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் கப்பலில் வேலை பார்ப்பவர்கள். பெண்டாட்டிக்கு வலி எடுத்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. பெற்றவரை அடக்கம் செய்த மறுநாள் போனவர்கள் உண்டு. சினிமாவுக்காக ஜாயினிங்கை விட்டவன் என்று ஒருத்தன் அதுவரை இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பா அதிகம் பேசமாட்டார். அவரே, "இவனுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்றார்.

ஏஜென்ட் கடைசியாக ஒன்று சொன்னார். இரண்டு கப்பலை விட்டாயிற்று, மூன்றாவது கப்பல் இந்த மாதக் கடைசியில், அதையும் விட்டால் உன் பேரை எடுத்துவிடுவேன், வேறு ஏஜென்டிடமும் போகமுடியாது. மாமா அசையவில்லை. படம் நூறு நாள் ஓடும், ஓடுகிற படத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று எங்களிடம் சிரித்தார். அம்மா மாதா கோயிலுக்குப் போய், தம்பி நல்லபடியாகக் கப்பல் ஏறவேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றினாள். கூடப்போன மாமா, படம் ஓடவேண்டும் என்று அதே தட்டில் அவள் திரிக்குப் பக்கத்தில் ஒன்று ஏற்றினார். நான் கெக்கேபிக்கே என்று சிரித்தேன். கோயில் என்றும் பாராமல் அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

படம் வந்தது. முதல் நாள் காலைக் காட்சிக்கு நாங்கள் எல்லோரும் போனோம். தோணியில் சுக்கான் பிடித்து ஓய்ந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவும் வந்தார். தியேட்டர் வாசலில் மன்றத்து பேனர். அதில் கதாநாயகனின் காலடியில் வரிசையாக ரசிகர்களின் முகங்கள். மாமாவின் முகமும் மீசையோடு இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படம் முக்கால்வாசியும் கப்பலில்தான். அங்கேதான் வினை. வேறு ஊராக இருந்திருந்தால் பிழைத்திருக்கும். எங்கள் ஊரில் கப்பலைக் காட்டி ஏமாற்ற முடியுமா?

"ஏலே, நங்கூரம் தொங்குதுலே! நங்கூரத்தப் போட்டுட்டு எங்கலே போற?" என்று தாத்தா முதலில் ஆரம்பித்தார்.

"காத்து இங்கன அடிக்குது, அலை அங்கன போவுது!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர்.

"அந்த முடிச்சுல ஆட்டுக்குட்டியக்கூடக் கட்ட முடியாதுலே!" என்று இன்னொருவர்.

அப்புறம் புயல். கம்ப்யூட்டரில் செய்த கடல் பச்சையாகக் கொதித்தது. கதாநாயகனின் கூட்டாளியை ஒரு அலை டெக்கிலிருந்து அப்படியே வாரிக்கொண்டு போனது. கதாநாயகன் முழங்காலிட்டு அலறினான். ஒரு பாட்டு முடிந்தது. பார்த்தால், போன கூட்டாளி டெக்கின் ஓரக் கம்பிமேல் ஏறிக் குதித்து, வாரிய தலை கலையாமல் வந்து நிற்கிறான்! தியேட்டரே உருண்டது. தாத்தாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். நானும் சிரிக்கப்போனேன். அப்போதுதான் மாமா என் மணிக்கட்டைப் பிடித்திருப்பது தெரிந்தது. வலிக்கிறது மாமா என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். கடைசிக் காட்சியில் முதுகு காட்டிய ஆள் திரும்பினான். அது கதாநாயகனேதான். லாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தவன் கண்ணை விழித்தான். முதல் பாகத்திலிருந்து நடந்தது முழுவதும் அவன் கண்ட கனவு. யாரும் யாரையும் சுடவில்லை. தங்கச்சி காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

தியேட்டரில் ஐந்நூறு பேர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். விசிலடிக்க வாயில் விரல் வைத்தவர் வைத்தபடியே இருந்தார். மூன்று வருஷம்! ஒரு சிநேகிதியை இழந்திருக்கிறேன் நான்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி வெடித்தது. மளிகைக்கடை அண்ணாச்சி டிக்கெட் கிழிக்கிறவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கனவுன்னு வாசல்லயே எழுதிப் போடவேண்டியதுதானவே!" என்று கத்தினார். மன்றத்தில் மாமாவுக்கு அடுத்த ஆள் பேனர்மேல் ஏறி, தன் முகத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அம்மா, பாட்டு ரெண்டும் பரவாயில்லை, அந்தக் கதாநாயகிப் பிள்ளை உடுத்த சேலை நல்ல சேலை என்றாள். இடைவேளையிலேயே தூங்கிப்போன அப்பா, "தங்கச்சியச் சுட்டது யாரு?" என்று கேட்டார்.

மாமாவைக் காணோம். திரும்பி உள்ளே போய்ப் பார்த்தேன். கூட்டுகிறவர் வந்து கூட்டிக்கொண்டிருக்க, மாமா இன்னும் நாற்காலியில் இருந்தார்.

"எப்பிடி மாமா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்கு."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை.

"என்ன மாமா நல்லாருக்கு?"

"அந்தக் கூட்டாளிக்காரன் திரும்பி வாராம்லா, அது நல்லாருக்கு" என்றார்.

ஊரே காறித் துப்பிய இடம் அது. கோபத்தில் அவரை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாளும் மாமா போனார். அதற்கு மறுநாளும் போனார். நான்காம் நாள் தியேட்டரில் இருபது பேர்கூட இல்லையாம். டீக்கடையில் உட்கார்ந்து, "ரெண்டாந்தடவ பாத்தாத்தான்வே புரியும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மல்லுக்கட்டினார். படத்தைத் தூக்காதீர்கள் என்று தியேட்டர் மேனேஜரிடம் போய் நின்றாராம். மன்றத்துப் பையன்களே அவரைக் கண்டால் வேறு தெருவில் போனார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்சிகளும் துக்கத்தில் ஒன்றாகிவிட்டன. பேசாதிருந்தவள் என்னிடம் பேசினாள். பேசிய முதல் பேச்சே, "உங்க மாமாவுக்கு அந்தப் படம் புடிச்சிருக்காம்லா?" என்பதுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது.

ஏழாவது தடவை அவர் போயிருந்த மதியம், சார்ஜில் கிடந்த அவருடைய போன் அடித்தது. ஏஜென்ட். அம்மா கடைக்குப் போயிருந்தாள். எடுத்தேன்.

"அவனுக்குக் காமாலை எப்படி இருக்கும்மா? நாளைக்குக் கிளம்பினால்தான் கப்பல். இல்லையென்றால் நான் வேறு ஆளைப் போட்டுவிடுவேன்."

"மாமாவுக்குக் காமாலையும் இல்ல, கீமாலையும் இல்ல. படம் பாக்கப் போயிருக்காவ" என்று பொரிந்து தள்ளினேன். "நீங்க அம்மாட்ட பேசுங்க சார், நாங்க அனுப்பி வைக்கோம்."

எனக்கு மனது குளிர்ந்தது. அம்மா வந்து விஷயத்தைக் கேட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். ஏஜென்ட்டைக் கூப்பிட்டு அழுது, கெஞ்சி, தம்பி நாளைக்குக் கிளம்பிவிடுவான் என்று வாக்குக் கொடுத்தாள். மாமா வீட்டுக்குள் நுழையும்போது கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா அவர் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மாமா பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீயாளா சொன்ன?"

"ஆமா" என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான். போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமான வருஷம், மாமாவோடு முன்பு ஒரே கப்பலில் இருந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தவர், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே என்ற நினைப்பில் சாதாரணமாகச் சொன்னார். அந்த நீண்ட லீவுக்கு முந்தைய கப்பலில், எங்கோ ஐரோப்பாப் பக்கம், மோசமான காற்றில் டெக்கில் அவிழ்ந்த கயிற்றைக் கட்ட மாமாவும் மலையாளப் பையன் ஒருவனும் போனார்களாம். ஒரு அலை ஏறி இறங்கியது. மாமா மட்டும் இருந்தார். அந்தப் பையன் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு கரை சேரும்வரை மாமா டெக் பக்கம் வரவே நடுங்குவாராம். அம்மா கையிலிருந்த டீத்தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எங்களுக்கு எதுவுமே தெரியாது. மாமா அந்தத் தடவை சாக்லேட்டும், அம்மாவுக்கு ஒரு சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார். பயணம் எப்படி என்று கேட்டதற்கு நல்லா இருந்துச்சு என்றார். கப்பல்காரர்கள் தெருவில் கடலுக்குப் பயம் என்று ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சொல்வான்? சினிமாப் பைத்தியம் என்றால் சிரிப்பார்கள். அதை அவர் தாங்கிக்கொண்டார்.

நாங்கள் ஏற்றிவிட்ட கப்பலிலிருந்து மாமா திரும்பி வந்துவிட்டார், பயப்படவேண்டாம். அதற்குப் பிறகும் இரண்டு கப்பல் ஏறினார். இப்போது முத்தையாபுரத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். அந்த உண்மையை நான் அவரிடம் இன்றுவரை கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

ஏஜென்ட் கூப்பிட்ட மறுநாள் சாயங்காலம், மாமாவை வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் பத்துப் பேர் போனோம். தாத்தா வந்திருந்தார். முகத்தை வெட்டி எடுத்துக்கொண்ட மன்றத்துக்காரனும் வந்திருந்தான். "ஏலே, கப்பல்ல அந்தப் படத்தப் போட்டுறாத, கேப்டன் கடல்ல குதிச்சிருவான்" என்று அவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ரயில் அசையப்போகும் நேரத்தில் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"ஏளா, படம் இன்னும் ஓடுதா?"

"தூக்கிட்டாவ மாமா!" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "காலையிலயே வேற படம் போஸ்டர் ஒட்டிட்டாவ!"

மாமாவின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. ரயில் போய்விட்டது.

திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்சியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, படத்தைத் தூக்கியதற்கு எங்கள் மாமா ரயிலில் உட்கார்ந்து எப்படி அழுதார் என்று நடித்துக் காட்டினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்கள். செய்து காட்டினேன்.