தேரிக்காட்டில் எங்கள் பின்னால் வந்த பைக்

செம்மண் பாலைவனம் பார்க்கப் போகிறோம் என்றுதான் எங்கள் ஊரான பாறசாலையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். பச்சைப் பொய். எங்கள் மகள் ஷைனிக்குக் அந்தச் செம்மண் காடான குதிரைமொழித் தேரிக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பிரவீன் என்று ஒரு வரன் வந்திருந்தது. பையன் குடிப்பான் என்று மைத்துனர் காதில் ஒரு பேச்சு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுக்கும் முன் சொல்லாமல் கொள்ளாமல் பையனின் ஊருக்குப் போய் டீக்கடையிலும் சபைக்காரர்களிடமும் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆழம் தெரியாமல் காலை விட முடியுமா?

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு நானும் மனைவி சுகந்தியும் காரில் கிளம்பினோம். எல்லையைத் தாண்டிக் களியக்காவிளையில் பெட்ரோல் போட்டோம். அங்கே விலை குறைவு, எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். நாகர்கோவில், அஞ்சுகிராமம், கூடங்குளம் வழியாக உவரி வரை சாலை அருமை. வலப்பக்கம் கடல் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்.

உவரியில் டீ குடிக்கும்போதுதான் அந்தக் கறுப்பு பைக்கைப் பார்த்தேன். ஓட்டுகிறவன் ஹெல்மெட்டுக்குள் மூக்கு வரை துண்டு கட்டியிருந்தான். எங்கள் கேரளா நம்பர் பிளேட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மணப்பாட்டில் குன்றின் மேல் நின்று கடலைப் பார்த்தால், கீழே அதே பைக். நான் பால்காரர் ஊற்றிய பாலையும் விரலால் தொட்டுப் பார்க்கிற ஆள். அவன் நம்மைப் பின்தொடர்கிறான் என்று சுகந்தியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு ஆரப் பாத்தாலும் கள்ளனாக்கும்," என்றாள் சுகந்தி. குலசேகரப்பட்டினம் தாண்டியதும் அவளே திரும்பிப் பார்த்து, "நம்ம பொறத்தாலதான் வாறான்," என்றாள். அவள் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது.

தேரி தொடங்கியது. கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு மணல், நடுநடுவே பனையும் முந்திரியும் உடைமரமும். காற்று மணலை வாரித் தார்ச்சாலையில் கொட்டிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. அவனை ஏய்த்துவிடலாம் என்று ஒரு மண்தடத்தில் காரைத் திருப்பினேன். ஐம்பது அடி கூடப் போயிருக்காது, முன்சக்கரங்கள் புதைந்துவிட்டன. மிதிக்க மிதிக்கக் கார் கீழேதான் போனது.

பைக் வந்து நின்றது. நான் ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"மாமா, ஆக்சிலேட்டர மிதிக்காதிய, இன்னும் உள்ளதான் போவும். டயர்ல காத்த எறக்குங்க," என்று சொல்லிவிட்டு அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் துண்டை அவிழ்த்தான். போட்டோவில் பார்த்த முகம், இப்போது தாடியோடு. பிரவீன்.

பனை மட்டைகளைச் சக்கரத்தின் அடியில் செருகித் தள்ளினான். கார் வெளியே வந்தது. தேரி பார்க்க என்று சொல்லி நாங்கள் விசாரிக்கத்தான் வருகிறோம் என்று ஷைனி கண்டுபிடித்து, காலையிலேயே வண்டி எண்ணை அவனுக்கு அனுப்பிவிட்டாளாம். வெளியூர்க்காரர்கள் காரை மணலில் இறக்கிவிடுவார்கள் என்று பின்னால் வந்திருக்கிறான்.

"பின்ன முன்னால வந்து சொல்லப்பிடாதா மக்களே?" என்றாள் சுகந்தி.

"நான் கூட நின்னா நீங்க எப்படி அத்தை விசாரிப்பிய?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனி எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும் என்று நேராகவே கேட்டேன். "நீங்க குடிப்பியளா?"

அவன் தலையைக் குனியவில்லை. "குடிச்சேன் மாமா. அப்பா போன பொறவு நெறையவே குடிச்சேன். விட்டு ரெண்டு வருசமாச்சு. ஷைனிகிட்ட போன்ல பேசுன மொத நாளே சொல்லிட்டேன்."

உடன்குடிக்கு வந்ததும் சிக்னல் கிடைத்தது. ஷைனியை அழைத்து, இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "ஊரெல்லாம் கேக்கப் போனிய. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா அப்பா?" என்றாள். டீக்கடை விசாரணையை விட்டுவிட்டு வண்டியை ஊருக்குத் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்மதம் சொன்னோம்.

போகிறவர்களுக்கு: பாறசாலையிலிருந்து ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர், நின்று நின்று போனால் ஐந்து மணி நேரம். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையை விட்டுக் காரை இறக்காதீர்கள். என்னைப்போல் மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவர்கள், புறப்படும் முன் அடுத்த அறைக் கதவைத் தட்டி மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.